மணல் தரையில் வைத்த பெயர்

வில்லம்ஸ்டாட், குராசோ
26 ஜனவரி 1987

திருமதி ஃப்ரீடா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மார்ச் மாதம் குழந்தையோடு இங்கே வருவதாகவும், மருத்துவமனையில் விடுப்பு கிடைக்காததால் என் மகன் ஜோசியா வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடுப்பு விஷயத்தை நான் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் யூத ஜெபாலயத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டடம் என் சொத்து அல்ல. கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் அரைக்கால் சட்டையோடு உள்ளே போய்ப் படம் எடுக்கிறார்கள். உங்களை யார் தடுக்கப் போகிறார்கள்?

ஆனால் என்னிடம் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் மூத்த மகனுக்கு, தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பது வழக்கம். என் தாத்தா செலோமோ. என் அப்பா ஜோசியா. நான் செலோமோ. உங்கள் கணவன் ஜோசியா. ஜெபாலயத்தில் எங்கள் பெஞ்சில் உள்ள பித்தளைத் தகட்டில் இந்த இரண்டு பெயர்களும் மாறி மாறி வரும். போன ஜூனில் ஜோசியா தொலைபேசியில், "ஹெர்ஷல்னு பேர் வெச்சிருக்கோம்ப்பா" என்று சொன்னபோது லைன் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு விளக்கினான். போலந்து யூதர்களான உங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்களாம். வைத்தால் அந்தப் பெரியவருக்கு ஆகாதாம். ஆக, நான் இன்னும் சாகாமல் இருப்பதுதான் இதில் நடந்த தவறு. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு அவசரம் இல்லை.

புகைப்படத்தைத் திருப்பி அனுப்பினேனே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பின்புறம் எழுதியிருந்த பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. விலாசம் மாறி வந்த தபாலை அப்படித்தான் செய்வது வழக்கம்.

தங்குவதற்கு என் தங்கை ரெபெக்கா வீடு இருக்கிறது. தொட்டிலை இப்போதே கழுவி வெயிலில் வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
செலோமோ டெ லீமா


ஆம்ஸ்டர்டாம்
9 பிப்ரவரி 1987

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ஜோசியாவிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "அப்பா நல்லாத்தான் இருக்கார். கோபம் கொஞ்சம்கூடக் குறையலை" என்றார். அதற்குப் பிறகு ரொட்டியைத் தொடவில்லை. விடுப்பைப் பற்றி நீங்கள் நினைப்பது சரி. கேட்டால் கிடைக்கும். அவர் கேட்கவில்லை. திரும்பி வந்த புகைப்படம் அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஹெர்ஷல் யார் என்று அவர் உங்களிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவின் அண்ணன். போலந்தில் துணி வெட்டும் வேலை பார்த்தவர். தெருவில் அம்மாவை உள்பக்கம் விட்டு, வண்டி போகும் பக்கமாக நடப்பாராம், விசிலடித்துக்கொண்டே. போரில் அவரை எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்பது தெரியும். மற்றபடி தேதியும் இல்லை, கல்லறையும் இல்லை. நான் வளர்ந்து கல்யாணம் ஆகும்வரை என் அம்மா அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது ஆன்ட்வெர்ப்பிலிருந்து எங்களைப் பார்க்க வந்தால் நாள் முழுக்கச் சொல்கிறாள். "ஹெர்ஷல், பாலைத் துப்பாதடா. ஹெர்ஷல், என் கண்ணாடியை விடுடா." வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை மாமா. உங்களைத் தள்ளிவிட்டு வைத்ததல்ல.

உங்கள் ஜெபாலயத்தில் தரை முழுக்க மணல் என்றும், பிரசங்கம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து குழி தோண்டியதாகவும் ஜோசியா சொன்னார். முதலில் நம்பவில்லை. என் பிள்ளையும் அதில் ஒரு தடவை உட்காரட்டும் என்றுதான் வருகிறேன். இவன் இப்போது தவழ்கிறான். கையில் அகப்பட்டது எல்லாம் வாய்க்குப் போகிறது. இந்தக் கடிதத்தின் மூலை ஈரமாக இருந்தால் காரணம் நான் இல்லை.

நீங்கள் அவனை ஒருமுறை தூக்கினால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். "டேய்" என்றாலும் திரும்பிப் பார்ப்பான்.

அன்புடன்,
ஃப்ரீடா


வில்லம்ஸ்டாட்
23 பிப்ரவரி 1987

திருமதி ஃப்ரீடா அவர்களுக்கு,

உங்கள் தாய்மாமனைப் பற்றி என் மகன் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதனால் வழக்கம் மாறிவிடாது, ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து நான் பொனேர் தீவில் இருப்பேன். அங்கே ஒரு பள்ளியில் தேர்வுத் தாள் திருத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் வரும் நாட்களும் அதுவும் ஒன்றாக அமைந்துவிட்டன. தற்செயல் என்று எழுத மாட்டேன். நான் பொய் எழுதுவதில்லை.

போகும்போது கவனிக்க வேண்டியவை: குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம், புதையும். குழந்தை வண்டியும் வேண்டாம், சக்கரம் நகராது. இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். எங்கள் பெஞ்சு வடக்குத் தூணை ஒட்டி இருக்கிறது, ரெபெக்கா காட்டுவாள். நீலக் கண்ணாடி ஜன்னல்களைத் திறந்து வைத்திருப்பார்கள், காற்று பலமாக வரும், தொப்பி போடுங்கள். தொழுகை முடிந்ததும் சாக்லேட் பானமும் பன்லேவியும் தருவார்கள். பன்லேவி எங்கள் ஊர் பிஸ்கட். குழந்தை பிறந்த வீட்டில் செய்வது. வாயில் கரையும், அவனுக்குக் கொடுக்கலாம்.

சபைத் தலைவர் மௌரிசியோ, என் சித்தப்பா மகன், சிரித்துக்கொண்டே வருவார். அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1982இல் ஆண்டு விழாவுக்கு நான் ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்து எழுதிய வரலாற்று உரையை, தான் எழுதியது போல மேடையில் வாசித்தவர் அவர். கடைசியில் "இதை எழுத எனக்குத் தூக்கம் போயிற்று" என்ற என் வரியைக்கூட விடாமல் வாசித்தார். கைதட்டினார்கள். அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவன்தான், இன்றுவரை அந்த மணலை மிதிக்கவில்லை.

குழந்தையின் தலையைக் காற்றில் விடாதீர்கள்.

செலோமோ டெ லீமா


வில்லம்ஸ்டாட், ரெபெக்கா அத்தை வீடு
15 மார்ச் 1987

அன்புள்ள மாமா,

இதை நான் சொல்வதற்கு முன் வேறு யாராவது பொனேருக்கு எழுதிவிடுவார்கள் என்று அத்தை சொல்வதால் இன்றைக்கே எழுதுகிறேன்.

நேற்று போனோம். பெஞ்சைக் கண்டுபிடித்தேன். தகட்டைத் தடவிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஜெபாலயங்களில் எல்லாம் காலடிச் சத்தம் கேட்கும். இங்கே அத்தனை பேர் நடந்தும் ஒரு சத்தம் இல்லை. கீழே விட்டதும் இவன் செய்த முதல் வேலை, இரண்டு கையாலும் மணலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டதுதான். நான் பதறி விரலை விட்டுத் துழாவினேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "விடும்மா, டெ லீமா வீட்டுப் பிள்ளை மண்ணு தின்னலைன்னாத்தான் டாக்டர்கிட்ட காட்டணும். உன் புருஷன் எவ்வளவு தின்னான்னு எனக்குத்தான் தெரியும்." அதுதான் மௌரிசியோ. சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

தோரா வேத வாசிப்பு முடிந்ததும், முதல்முறை வந்த குழந்தைக்கு ஆசி சொல்ல வேண்டும் என்று என்னை முன்னால் கூப்பிட்டார்கள். ஓதுபவர் இளைஞர், இந்த ஊருக்குப் புதியவர் போல. குழந்தையின் பெயர் என்ன என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மௌரிசியோ தன் இடத்திலிருந்தே சொன்னார்: "இது என்ன கேள்வி? ஜோசியாவோட மூத்த மகன். வேற என்ன பேர் இருக்கும்? செலோமோ!" எல்லோரும் சிரித்தார்கள், இதைக்கூடக் கேட்பார்களா என்பது போல. ஓதுபவர் ராகமாக ஆரம்பித்துவிட்டார். "செலோமோ, ஜோசியாவின் மகன், செலோமோவின் பேரன்..." நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்து, "இப்ப வேணாம்" என்றார். இவன் வாயில் மணலோடு அழ ஆரம்பித்தான். அதற்குள் ஆமென் வந்துவிட்டது.

பிறகு சாக்லேட் குடிக்கும்போது ஒவ்வொருவரும் வந்து கன்னத்தைக் கிள்ளினார்கள். "சின்ன செலோமோ, தாத்தாவோட மூக்கு அப்படியே." "தாத்தாவோட கோபம் வராம இருந்தா சரி." நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். மாமா, அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹெர்ஷல் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது மாதமாக நீங்கள் யாரிடமும் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். "அண்ணன் எப்படிச் சொல்வான்? இந்த ஊர்ல அப்பன் பேரைப் பிள்ளைக்கு வைக்கலைன்னா, அப்பனும் மகனும் வெட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம். கடைத்தெருவுல நடக்க முடியாது" என்றார்.

நான் என்ன செய்ய வேண்டும்? மௌரிசியோவிடம் போய்ச் சொல்லவா? அது உங்களைத் தெருவில் நிறுத்துவது போல ஆகுமென்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் ஊருக்குப் போனால் என் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? வரும் ஞாயிறு கிளம்புகிறேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

பன்லேவி அவனுக்குப் பிடித்திருந்தது. மணலைவிடக் கொஞ்சம் குறைவாக.

ஃப்ரீடா


வில்லம்ஸ்டாட்
29 மார்ச் 1987

ஃப்ரீடா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பொனேருக்கு வந்து, நான் அங்கே இல்லாமல், என் பின்னாலேயே இங்கே வந்து சேர்ந்தது. நீங்கள் கிளம்பிய பிறகு படிப்பதால் என் யோசனை தாமதம்தான். ஆனாலும் சொல்கிறேன்: ஒன்றும் செய்ய வேண்டாம்.

படகிலிருந்து இறங்கி மிதவைப் பாலத்துக்கு வந்தேன். கப்பலுக்கு வழிவிட அதைத் திறந்திருந்தார்கள். காத்திருந்த கூட்டத்தில் மருந்துக்கடை அபிகாயில். "செலோமோ! உன் பேரனைப் பார்த்தேன். பேருக்கேத்த பிள்ளை. உர்ருன்னு இருக்கான்." பாலம் மூடும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவெட்டுகிறவர் காசு வாங்க மறுத்தார். எதிர்வீட்டு வக்கீல், பல வருடமாக எனக்கு வணக்கம் சொல்லாதவர், ஜன்னலைத் திறந்து தொப்பியை எடுத்தார்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. "பேரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கான்" என்றேன். பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் பெயரைக் கேட்க மாட்டார்கள். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்பார்களா?

மௌரிசியோ என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்றுக்குப் பதிலாக, தெரியாமலே ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் கேட்டு வாங்கவில்லை. சபை முழுக்க ஆமென் சொன்ன ஒன்றை எப்படித் திரும்பப் பெறுவது? உங்கள் வீட்டில் நீங்கள் ஹெர்ஷல் என்று கூப்பிடுங்கள். இங்கே அவன் செலோமோவாக இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை.

படகில் நனைந்ததில் ஜலதோஷமும் காய்ச்சலும். ரெபெக்கா கஷாயம் என்று எதையோ கொடுக்கிறாள். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

செலோமோ டெ லீமா


ஆம்ஸ்டர்டாம்
22 ஏப்ரல் 1987

அன்புள்ள மாமா,

காய்ச்சல் விட்டதா? உடனே எழுதவும். காரணம் சொல்கிறேன்.

பஸ்கா பண்டிகைக்கு அம்மா வந்திருந்தாள். நான் எதையும் சொல்வதாக இல்லை. ஆனால் உங்கள் கடிதம் மேசையில் இருந்தது. ஜோசியா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார், இந்த விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "எதுக்குடா சிரிக்கிற?" என்று அம்மா கேட்க, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

கத்துவாள் என்று நினைத்தேன். வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த மனுஷன் எப்படி இருக்கார்?" என்றாள். லேசான காய்ச்சல் என்றேன். அவ்வளவுதான். "நான் சொல்லலை? நான் அப்பவே சொல்லலை?" அவள் பயந்தது குழந்தைக்காக இல்லை மாமா, உங்களுக்காக. எங்கள் பக்கத்து நம்பிக்கை அது. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பெரியவருடைய காலத்தைச் சின்னவன் எடுத்துக்கொண்டுவிடுவான் என்பார்கள். குழந்தை பிறந்தபோது ஜோசியா, "எங்க அப்பா பேரை வெக்கலாமா அத்தை?" என்று கேட்டிருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும். அதற்கு அம்மா, "உங்கப்பா இன்னும் இருக்கணும்னு ஆசையில்லையாடா உனக்கு?" என்றாளாம். அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இப்போது காலையும் மாலையும் ஆன்ட்வெர்ப்பிலிருந்து தொலைபேசி. "சம்பந்தி எழுதினாரா? எழுந்து நடக்கிறாரா?" கம்பளிக் காலுறை பின்னி உங்கள் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கே வெயில் என்று சொல்லிப் பார்த்தேன். "காய்ச்சல்காரனுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?" என்கிறாள். தயவு செய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் கோட்டை மாட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "அவ்வளவு பேரும் ஆமென் சொன்னது அந்தப் பேருக்கா? அப்ப ஹெர்ஷலுக்கு யாரும் சொல்லலையா?" இல்லை என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பொத்தானைப் போட்டாள்.

நீங்கள் எதையும் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை மாமா. நடந்ததைச் சொன்னேன்.

உங்கள் ஃப்ரீடா


வில்லம்ஸ்டாட்
10 மே 1987

அன்புள்ள ஃப்ரீடா,

காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. அதை முதலில் உன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல், பிறகு மேலே படி.

காலுறை வந்தது. முழங்கால்வரை வருகிறது. இந்தத் தீவில் இதைப் போட்டுக்கொள்ள ஐஸ் தொழிற்சாலையில்தான் வேலை தேட வேண்டும். திருப்பி அனுப்பவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகை அங்கே கற்களைத் தின்றுகொண்டிருக்கிறது. என் தாத்தா கல்லில் எழுத்து பாதி போய்விட்டது. என்றாலும் கல் இருக்கிறது. ஜெபாலயத்தில் பித்தளை இருக்கிறது. நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடச் சுவரில்கூட என் பெயர் ஒரு வரிசையில் இருக்கிறது. எவ்வளவு இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்று பார்த்தேன். எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நேற்று சனிக்கிழமை. காலையில் கோட்டைப் போட்டேன். ரெபெக்கா, "யாரு செத்தது?" என்றாள்.

உள்ளே நுழைந்ததும் காலணிக்குள் மணல் புகுந்தது. மௌரிசியோ வாசலுக்கு அருகில் நின்றிருந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை: "சுற்றுலாக்காரங்க டிக்கெட் வாங்குற இடம் அந்தப் பக்கம், செலோமோ."

"நீ எழுதாத உரையை வாசிக்கிற இடம் எந்தப் பக்கம்?" என்றேன்.

"இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கியா? வயசாகுதுடா. பேரன் வேற வந்துட்டான்."

"அதுக்குத்தான் வந்தேன்."

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நீ உட்கார்ந்த இடம் தெரிகிறதா என்று பார்க்கவில்லை. வாராவாரம் மணலை வாரிச் சமப்படுத்துகிறார்கள், பார்த்தாலும் தெரியாது. தற்செயலாகக் கண் போயிற்று.

தோரா வாசிப்பு முடிந்ததும் எழுந்தேன். "என் பேரனுக்கு மறுபடி ஆசி சொல்லணும். போன தடவை பேர் தப்பாப் போச்சு" என்றேன்.

அங்கே எப்போதுமே சத்தம் கேட்காது. நேற்று எல்லோரும் திரும்பியதில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"பேர் என்ன?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

"ஹெர்ஷல்."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். பின்னால் யாரோ, "அது யாரு?" என்றார்கள். "என் மருமகளோட தாய்மாமன். கல்லறை இல்லாதவர்" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மௌரிசியோவைத் தவிர. அவருக்குச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவாரா? எழுந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "அப்ப உன் பேர் என்னாச்சு, செலோமோ?" என்றார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பொனேருக்கு ஓடினேன். கேட்டுவிட்டார். காதில் விழுந்தபோது அவ்வளவு பெரிதாக இல்லை.

"என் பேரு என்கிட்டயேதான் இருக்கு, மௌரிசியோ. நான் இன்னும் அதை உபயோகிச்சு முடிக்கலை" என்றேன்.

அபிகாயில்தான் முதலில் சிரித்தாள். பிறகு மற்றவர்கள். ஓதுபவர் ராகத்தை எடுத்தார். ஹெர்ஷல், ஜோசியாவின் மகன், செலோமோவின் பேரன். ஆமென் போன தடவை அளவுக்கே இருந்ததாக ரெபெக்கா சொல்கிறாள். எனக்கு அதைவிடப் பலமாகக் கேட்டது, ஆனால் நான் போன தடவை இல்லை.

முடிவெட்டுகிறவர் அடுத்த முறை காசு வாங்கிக்கொள்வார். வக்கீல் ஜன்னல் இன்று காலை மூடியிருந்தது. போகட்டும்.

அடுத்த வருடம் மார்ச்சில் நான் பொனேர் போகவில்லை. அங்கே ஆடுகளைத் தவிரப் பேச ஆள் இல்லை. ஜோசியாவிடம் சொல், எனக்குக் கடிதம் எல்லாம் எழுத வேண்டாம், விடுப்புக் கேட்டால் போதும். வரும்போது அந்தப் புகைப்படத்தையும் எடுத்து வரச் சொல். விலாசம் சரிதான்.

உன் அம்மாவிடம் இதையும் சொல். இன்று காலை ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் கேட்டாள், பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டு, "எர்ஷல் எப்படி இருக்கான்?" என்று. பாலத்தில் ஒருவர் கேட்டார். மீன் விற்கிறவன் கேட்டான். இந்த ஊரில் இனி தினமும் யாராவது ஒருவர் கேட்பார்கள், இவர்களுக்கு வேறு வேலை இல்லை.

நல்லா இருக்கான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாமா